தண்ணீரை இப்போது மாற்ற வேண்டாம்

"அம்மோனியா ரெண்டு காட்டுதுங்க மாமா. நைட்ரைட்டுக் குழாய் நல்லா ஊதாவா ஆயிருச்சு. பாதித் தண்ணிய எடுத்துப்போட்டுப் புதுசு ஊத்தீரட்டுங்களா?"

கேட்டவன் என் தங்கை மகன். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் வீட்டுக் கூடத்தில் மூணடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புக் கலந்த நீர் நிரப்பி, மூன்றாவது வாரத்தில் நிற்கிறான். கடல்நீர்த் தொட்டியைப் புதிதாக வைக்கிற எல்லோரும் ஏறக்குறைய இதே வாரத்தில் இதே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். விசாரித்தால் ஒருவர் தொடவே கூடாது என்பார். இன்னொருவர் நாள் தவறாமல் கால் பங்கு மாற்று என்பார். இரண்டு பேருமே பல வருஷம் தொட்டி வைத்தவர்களாக இருப்பார்கள். பையன் யாரை நம்புவான்?

டீ வரட்டும், நிதானமாகப் பேசலாம் என்றேன். பதிலை ஒரே வரியில் சொல்லிவிட முடியும். ஆனால் காரணம் புரியாமல் அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டால் அடுத்த வாரம் வேறொரு பயத்தோடு வர வேண்டியிருக்கும்.

நான் முதலில் கேட்டது இது: "உள்ள மீன் ஏதாவது கெடக்குதா மாப்ள?"

"இல்லீங்க. கல்லு, மணலு, மோட்டாரு, அவ்வளவுதானுங்க."

"அப்பத் தண்ணியில கை வைக்க வேண்டாம்."

இனி காரணத்துக்கு வருவோம்.

மீன் கழிவை வெளியேற்றுவது பெரும்பாலும் செவுள் வழியாகத்தான், அதுவும் அம்மோனியாவாக. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான் வரும். கடலில் அது பரந்து கரைந்து போகிறது. 150 லிட்டர் நீரில் போக வழியில்லை. அங்கே அதைத் தீர்த்துவைப்பவை இரண்டு கூட்டம் நுண்ணுயிர்கள். முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இரண்டாவது கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குப் பெரிய தீங்கில்லை. இந்த இரண்டு கூட்டமும் தொட்டியில் குடியேறி, வேண்டிய அளவு பெருகும் காலத்தைத்தான் தொட்டி வைப்பவர்கள் 'சைக்கிள் ஆகிறது' என்கிறார்கள். கடல்நீரில் இதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

ஏன் இத்தனை வாரம்? பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர் ஒரே இரவில் வேலையை முடித்துவிடுகிறது. அதற்குப் பாலில் சாப்பாடு நிறைய. நம்முடைய இந்தக் கூட்டமோ அம்மோனியாவிலிருந்து கிடைக்கும் சொற்ப சக்தியை வைத்துக்கொண்டு, நீரில் கரைந்த கரியமில வாயுவிலிருந்து தன் உடம்பைக் கட்ட வேண்டும். ஒன்று இரண்டாவதற்கே நல்ல நிலைமையில் அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை பிடிக்கும். இரண்டாவது கூட்டத்துக்கு நைட்ரைட்டு உண்டான பிறகுதான் பிழைப்பே தொடங்குகிறது. ஊதா நிறம் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்பது அதனால்தான்.

இது உயிர்கள் செய்யும் வேலை என்று நிரூபித்த சோதனையை நான் தொட்டி வைக்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுவேன். 1877இல் பாரிஸில் தெயோபில் ஷ்லோசிங், அகீல் முன்ட்ஸ் என்ற இருவர் நீண்ட கண்ணாடிக் குழாயொன்றில் மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரை மெல்ல மெல்ல இறங்கவிட்டார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் தலைகாட்டியது. சீக்கிரமே அம்மோனியா காணாமல் போனது. வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும் அல்லவா? அடுத்து குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. ஆவியை நிறுத்திய பிறகும் தானாக மீளவில்லை. மண் கழுவிய நீரைக் கொஞ்சம் ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. இந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் ருஷ்ய நாட்டு செர்கேய் வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில்.

அந்தக் குழாயை இன்னொரு முறை பாருங்கள். நீர் ஒரு நிமிஷமும் நிற்கவில்லை; மேலே ஊற்ற ஊற்றக் கீழே வடிந்துகொண்டே இருந்தது. நீர் முழுக்க முழுக்க மாறிக்கொண்டே இருந்தும் உள்ளே கூட்டம் பெருகியது. காரணம், அவை நீரில் நீந்திக்கொண்டிருக்கவில்லை, மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தன. தொட்டியிலும் இதே கதைதான். கல்லின் துளைகள், மணல், வடிகட்டியின் பஞ்சு, குழாயின் உட்சுவர் என்று எங்கெல்லாம் நீர் உரசிப் போகிறதோ அங்கெல்லாம் வழவழப்பான மெல்லிய படலமாகப் படிகின்றன. அவற்றில் நீரோடு மிதப்பது மிகச் சொற்பம்.

ஆகவே 'தண்ணீரை மாற்றினால் நல்ல பாக்டீரியா எல்லாம் போய்விடும்' என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அப்படியானால் மாற்றிவிட வேண்டியதுதானே என்று மாப்பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி. மாற்றினால் பாக்டீரியா போகாது. அதன் சாப்பாடு போகும். இப்போது நீரில் இருக்கும் அம்மோனியாதான் அவற்றுக்கு ஆகாரம். பாதியைக் கொட்டினால் பாதிச் சோறு போயிற்று. கூட்டம் அழியாது, வளர்வது தாமதமாகும். அதோடு ஊற்றுகிற புது நீருக்கு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு செலவு. குடிக்கவும் மூச்சுவிடவும் ஒரு ஜீவனும் உள்ளே இல்லாதபோது இந்தச் செலவு யாருக்காக?

தோட்டம் வைத்திருக்கும் கொங்கு நாட்டுக்காரருக்கு இந்தக் கூட்டம் புதிதே அல்ல, பெயர்தான் புதிது. யூரியாவை அப்படியே இறைக்காமல் ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் ஐந்துக்கு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து, ஒரு இரவு வைத்திருந்து போடச் சொல்லி நம்மூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்குப் பரிந்துரைக்கிறது. எதற்கு? வயலில் யூரியா அம்மோனியமாகிறது. மண்ணில் இருக்கும் இதே கூட்டம் அதை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட் மண்ணில் பிடிப்பில்லாமல் நீரோடு கீழே இறங்கிவிடுகிறது. வேம்பின் கசப்பு இந்தக் கூட்டத்தை மந்தப்படுத்துகிறது. உரம் மெதுவாகக் கிடைக்கிறது. 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டதற்கும் இது ஒரு காரணம். வயலில் விவசாயி இவற்றை நிதானிக்க வைக்கிறார். நாம் தொட்டியில் வேகமாகப் பெருகக் காத்திருக்கிறோம். பழைய மாட்டுத் தொழுவத்து மண்ணிலிருந்து ஒரு காலத்தில் வெடியுப்பு காய்ச்சி எடுத்தார்களே, அந்த வெடியுப்பைச் செய்து வைத்ததும் மண்ணிலிருந்த இதே கூட்டம்தான்.

இனி, பல வருஷம் தொட்டி வைத்த இரண்டு பேர் ஏன் எதிரெதிராகப் பேசுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். எனக்கு இதுதான் மிக முக்கியமான இடம்.

வெளிநாடுகளில் நெடுங்காலம் கடல்நீர்த் தொட்டி தொடங்கியது 'லைவ் ராக்' என்ற உயிர்ப்பாறையைக் கொண்டு. கடலடியிலிருந்து எடுத்த பவளச் சுண்ணாம்புப் பாறை அது. உடம்பெல்லாம் கடற்பாசி, கடற்பஞ்சு, புழு, சிறு நண்டு, நாம் தேடும் நுண்ணுயிர் எல்லாம் ஒட்டியிருக்கும். பெட்டியில் அடைத்துக் கொண்டுவரும் வழியில் பாதி செத்து, தொட்டியில் போட்டதும் அழுகி அம்மோனியா ஏறும். அந்த அம்மோனியா மிச்சமிருக்கும் உயிர்களையும் கொன்றுவிடும். எனவே அவர்கள் சைக்கிள் நடக்கும்போதே நாளுக்கு நாள் நீரை மாற்றினார்கள். அது முற்றிலும் சரி. பாறையில் காப்பாற்ற உயிர்கள் இருந்தன. அந்த அறிவுரை பாறையை விட்டுத் தனியே கழன்று, வெறும் 'தினமும் மாற்று' என்ற கட்டளையாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நம் தொட்டியில் அந்தப் பாறை கிடையாது, இருக்கவும் கூடாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்களை 2001இல் சேர்த்தார்கள். கடல்குதிரை, கடல் அட்டை, கடல்விசிறி எல்லாம் அப்போது பாதுகாப்புக்குள் வந்தவை. செத்த பவளமானாலும் கடலிலிருந்து எடுப்பது குற்றம்தான். நம் கரையில் இந்தப் பாறை எங்கே இருக்கிறது என்றால் மன்னார் வளைகுடாவில். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். 1986இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டு அங்கே பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அலையைத் தடுத்து நின்ற பாறை போனது அதற்கு ஒரு பெரிய காரணம். என் வீட்டுக் கூடத்து அழகுக்காக அங்கிருந்து கைப்பிடி அளவு கல்கூட வரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எந்தக் கடையிலாவது 'ஒரிஜினல் கடல் கல்' என்று தனியாகக் கூப்பிட்டுக் காட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அதனால் நம்முடையது காய்ந்த செயற்கைக் கல். துளைகள் கொண்ட பீங்கான் அல்லது சிமென்ட் கலவையில் செய்தது. அதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை, குடியேற்ற வேண்டியதுதான் உண்டு. காப்பாற்றுகிறவருக்குத் தண்ணீர் மாற்றம் அவசியம். குடியேற்றுகிறவருக்குப் பொறுமை அவசியம். எதிரெதிராகப் பேசிய அந்த இரண்டு பேரும் வேறு வேறு தொட்டியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

ஆரம்ப அம்மோனியாவை எப்படிக் கொடுப்பது என்று ஒரு வார்த்தை. உக்கடம் மீன் மார்க்கெட்டில் ஒரு இறால் வாங்கித் தொட்டிக்குள் போட்டு அழுகவிடுவது பழைய வழி. வேலை நடக்கும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வரும் என்று கணக்கில்லை, கூடமெல்லாம் நாறும், நீர் பால்போலக் கலங்கும். எனக்குப் பிடித்தது அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் அடுப்பிலிருக்கும் பாத்திரத்தில் தூவுவாரே, குப்பென்று வெண்புகை எழும்பும், அந்த நவச்சாரம்தான் அது. ஆனால் கடைத்தெரு நவச்சாரத்தில் வேறு உலோகம் கலந்திருக்கலாம். ஆய்வகத்துக்கு விற்கும் சுத்தமானதை வாங்குங்கள். 150 லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போட்டால் அம்மோனியா 2 பி.பி.எம். வரும். அதுவே போதும். நடக்கிற தொட்டி வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவரிடமிருந்து ஒரு கைப்பிடி மணலோ, வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டோ வாங்கிப் போட்டால் ஷ்லோசிங் ஊற்றிய மண் கழுவிய நீர் செய்த வேலையை அது செய்யும், வாரக்கணக்கு குறையும்.

மீன் இல்லாத தொட்டியிலும் நீரை மாற்றித்தான் ஆக வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. இறால் அதிகமாகி அம்மோனியா 5 பி.பி.எம்.மைத் தாண்டிவிட்டால், சாப்பாடே விஷமாகி அந்தக் கூட்டத்தையே மந்தமாக்கும். அப்போது பாதியை மாற்றலாம். இன்னொன்று பி.எச். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க, சுண்ணாம்புக் கணக்கில் 7 மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகிறது. கடல்நீரின் இருப்பு லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம். 2 பி.பி.எம். என்றால் கையிருப்பில் ஒரு மூலைகூடக் குறையாது. 10, 12 என்று ஏற்றிவிட்டால் பாதிக்கு மேல் கரைந்து, பி.எச். இறங்கி, வேலை நின்றேவிடும். சைக்கிள் நடுவழியில் நின்றுவிட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது பி.எச்.தான். மற்றபடி சோப்பு நீர் தெறித்தது, பூச்சிமருந்து விழுந்தது, இரும்பு ஆணி கிடந்து துருவேறியது என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

நீர் கலங்கினால் மாற்ற வேண்டாம், சில நாளில் தானே தெளியும். கல்லிலும் கண்ணாடியிலும் பழுப்புப் பொடி பூத்தாற்போலப் பாசி படர்ந்தாலும் மாற்ற வேண்டாம். அது டயாட்டம், நீரில் இருக்கும் சிலிக்காவைத் தின்று வளர்கிறது, தீர்ந்ததும் போய்விடும். பயந்துபோய்க் குழாய் நீரைப் பிடித்து ஊற்றினால் அதற்கே மறுபடி சாப்பாடு போட்டதாகும். நைட்ரைட்டு அதிகம் இருக்கும் நாளில் நைட்ரேட் சோதனையும் நம்பத்தக்கதல்ல. நைட்ரைட்டே அந்தச் சோதனையில் நைட்ரேட்டாகத் தெரிந்து, இல்லாத அளவைச் சிவப்பாகக் காட்டும்.

உள்ளே மீன் இருந்தால் நான் இதுவரை சொன்னது எல்லாம் தலைகீழ். தொட்டியைச் சைக்கிள் ஆக்குவதற்கென்றே டாம்சல் மீனை வாங்கி விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 'அது தாங்கும்' என்பார்கள். தாங்குவது என்றால், செவுள் வெந்து, மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, சாகாமல் கிடப்பது. கடல்நீரில் இது இன்னும் கொடுமை. அம்மோனியாவில் கொல்லும் வடிவம் ஒன்று, அவ்வளவாகக் கொல்லாத அம்மோனிய வடிவம் ஒன்று, பி.எச். 7 உள்ள நன்னீரில் கொல்லும் வடிவம் நூற்றுக்கு அரைப் பங்குதான், கடல்நீரின் 8.2இல் ஆறேழு பங்கு. கோல்டுஃபிஷ் தொட்டியில் ஒப்பேறிய அளவு இங்கே ஒப்பேறாது. நைட்ரைட்டு விஷயத்தில் நேர் எதிர். கடல்நீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு இருப்பதால் அது செவுளில் நைட்ரைட்டை முட்டித் தள்ளிவிடுகிறது. அதனால் மீன் இருக்கும் தொட்டியில் உங்கள் கண் அம்மோனியாவின் மீது இருக்கட்டும். 0.5ஐ எட்டினால் அன்றைக்கே பாதி நீர். மறுநாளும் எட்டினால் மறுநாளும் பாதி. சைக்கிள் இரண்டு வாரம் தள்ளிப் போனால் போகட்டும், உயிர்தான் முதலில்.

சரி, மாப்பிள்ளையின் தொட்டிக்கு வருவோம். எப்போது முடிந்தது என்று தெரிந்துகொள்வது எப்படி? அம்மோனியா, நைட்ரைட்டு இரண்டும் பூஜ்யமானதும், மாலையில் 2 பி.பி.எம். அம்மோனியா போடுங்கள். மறுநாள் மாலை இரண்டையும் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் கூட்டம் தயார். ஒன்றிரண்டு நாள் விட்டு இன்னொரு முறை செய்து பார்த்துவிடுவது நல்லது.

அதன் பிறகுதான் நீர் மாற்றத்துக்கு நேரம். அதுவும் கஞ்சத்தனமில்லாத மாற்றம். இத்தனை வாரம் போட்ட அம்மோனியா எல்லாம் நைட்ரேட்டாகக் கூடிக் கிடக்கும்; 80 காட்டினாலும் ஆச்சரியமில்லை. பாதி மாற்றினால் 40. இன்னொரு பாதி, 20. மூன்றாவது பாதி, 10. தினம் பத்தில் ஒரு பங்காக ஒரு வாரம் மாற்றினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஏழு நாளில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான நீர் செலவாகும். நைட்ரேட்டோ 80இலிருந்து 38க்குத்தான் வரும். ஏனென்றால் நேற்று ஊற்றிய புது நீரிலும் ஒரு பங்கை இன்று மொண்டு கொட்டுகிறீர்கள். உள்ளே உயிர் ஏதும் இல்லாத இந்த நாட்களில் பெரிது பெரிதாக மாற்றுவதுதான் கணக்குக்குச் சரி. மீன் வந்தபின் அவ்வளவு துணிச்சல் கூடாது.

எந்த நீரை ஊற்றுவது என்பது கோயம்புத்தூரில் பெரிய விஷயம். நம் வீடுகள் பலவற்றில் இரண்டு குழாய்: ஒன்றில் சிறுவாணியோ பில்லூரோ, இன்னொன்றில் போர் தண்ணீர். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஊரைச் சுற்றிப் பல இடங்களில் அதன் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும், சுண்ணாம்பு நிறையச் சேரும். தோட்டங்களை ஒட்டிய போரானால் மேலே சொன்ன யூரியாவின் கதை அதற்குள் நைட்ரேட்டாக இறங்கியிருக்கும். குடிநீரிலேயே லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. நைட்ரேட்டைக் குறைக்க நைட்ரேட் நீரையே ஊற்றுவதில் என்ன லாபம்?

சிறுவாணி மென்மையான நீர், சுவைக்குப் பேர்போனது. தொட்டிக்கும் ஓரளவு நல்லதுதான். ஆனால் குளோரின் போட்டு வருகிறது. கிருமியைக் கொல்லும் குளோரின் நாம் வாரக்கணக்கில் வளர்த்த கூட்டத்தையும் கொல்லும். தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விட்டது என்று யாராவது சொன்னால், போனது நீரை எடுத்ததால் அல்ல, ஊற்றிய நீரில் குளோரின் இருந்ததால், அல்லது வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் வைத்து அலசியதால். பஞ்சை அலச வேண்டுமானால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய உப்பு நீரிலேயே அலசுங்கள்.

நான் சொல்வது ஆர்.ஓ. நீர். வீட்டுச் சமையலறை ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். ருசிக்காக வடிகட்டாத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும். சின்ன டி.டி.எஸ். மீட்டரை வைத்து அளந்து பாருங்கள், 50, 80 என்று காட்டினால் அந்தத் திருகை முழுக்க மூட வேண்டும். ஒற்றை இலக்கத்துக்கு வந்தால் நல்லது.

உப்பு பற்றியும் கேட்டான். தூத்துக்குடிக் கல் உப்பும் கடலிலிருந்துதானே வருகிறது, அதையே கரைத்தால் என்ன என்று. நியாயமான சந்தேகம். உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து விலகிவிடும். அடுத்த பாத்தியில் சோற்றுப்பு விளையும். மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நமக்கு வந்து சேரும் கல் உப்பு ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் லிட்டருக்கு 1.3 கிராம் மெக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் இருக்கிறது, பி.எச்.சைத் தாங்கும் காரத்தன்மை இருக்கிறது. தொட்டிக்கென்று விற்கும் உப்பில் இவை எல்லாம் அளந்து சேர்த்திருக்கும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது கடலின் அளவு. உப்புத்தூளில் ஈரமும் சேர்ந்திருப்பதால் 37, 38 கிராம் போட வேண்டி வரும். 75 லிட்டருக்கு 2.8 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நீல டிரம்மில் முதலில் நீர், பிறகு உப்பு. சிறிய மோட்டாரைப் போட்டு ஒரு நாள் சுழலவிடுங்கள். கையளவு ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 வந்ததும், டிரம் நீரின் வெப்பமும் தொட்டியின் வெப்பமும் ஒன்றாக இருந்தால், ஊற்றலாம்.

நீர் மாற்றுவதும் குறைந்த நீரை நிரப்புவதும் வேறு வேறு. வைகாசி கடைசியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று நம்மூரில் எல்லாவற்றையும் உலர்த்துகிறது. மின்விசிறியும் ஓடினால் தொட்டியில் நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். 150 லிட்டரில் 10 லிட்டர் போனால் 35 என்ற உப்பளவு 37.5 ஆகிவிடும். அதற்கு உப்பு நீரை ஊற்றினால் இன்னும் ஏறும். வெறும் ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். சைக்கிள் நடக்கும் வாரங்களில் நீரைத் தொடாதே என்று நான் சொன்னது இதற்குப் பொருந்தாது. கண்ணாடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை நிரப்பி வாருங்கள்.

இன்னொன்று, மோட்டார். இந்தக் கூட்டத்துக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். பம்புசெட் ஊரில் பிறந்தவர்களுக்கு ஹெட், டிஸ்சார்ஜ் எல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மின்சாரம் போனாலும் சுழற்சி நிற்காமல் இருக்க, சின்ன மோட்டார் ஒன்றை வீட்டு யு.பி.எஸ்.ஸில் மாட்டிவிடுங்கள்.

பெரிய மாற்றம் முடிந்து நைட்ரேட் 10க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அதிக நாள் காலியாக விட வேண்டாம், கூட்டம் பட்டினி கிடக்கும். முதல் மீனாகக் கோமாளி மீன் ஒரு ஜோடி போதும். அதுவும் பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். 1947இல் தொடங்கிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துப் பொரிக்கும் முறையைப் பல வருஷம் உழைத்துக் கைக்கொண்டு வந்திருக்கின்றன. அப்படிப் பொரித்த மீன் கண்ணாடிக்குள் வாழப் பழகியது, தீனியை உடனே எடுத்துக்கொள்ளும். கடலில் கடல்சாமந்திக்குள் ஒளிந்திருந்ததைப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை.

மீன் வந்த முதல் இரண்டு வாரம் தீனியைக் கம்மியாகப் போட்டு, தினமும் அம்மோனியா பாருங்கள். 0.25 காட்டினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கால் பங்கு நீரை மாற்றுங்கள். பூஜ்யத்திலேயே நின்றால் வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு. டிரம்மில் அடுத்த வாரத்துக்கான உப்பு நீர் கலந்து எப்போதும் தயாராக இருக்கட்டும்.